வீராசாமியின் நானூற்றெண்பது நாள்

என் அக்கா புருஷன் வீராசாமி வருஷத்துக்கு மூன்று ஆளாக இருந்தார். தை முதல் நாலு மாதம் வீராசாமி. அடுத்த நாலு மாதம் பரந்தாமன். அதற்கப்புறம் மார்கழி முடிகிற வரை லட்சுமணன். பொங்கலுக்கு மறுபடி வீராசாமியாகப் பிறப்பார்.

இதைச் செய்தது கடவுள் இல்லை, காண்டிராக்டர் ஜெயராமன். ஆவடி பக்கம் கரண்ட் கம்பம் நடவும் கம்பி இழுக்கவும் ஆள் விடுகிறவர். இரண்டு வருஷத்துக்குள் நானூற்றெண்பது நாள் ஒரே இடத்தில் வேலை பார்த்தவனை நிரந்தரமாக்க வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. சட்டம் வந்த கையோடு அதற்கு வைத்தியமும் வந்துவிட்டது. ஜெயராமனின் வருகை நோட்டில் ஒரு பெயர் வளர்ந்து நூறு நாளைத் தொட்டால், அதை வெட்டிவிட்டு இன்னொரு பெயரை எழுதுவார். ஆள் அதே ஆள். வேர்வை அதே வேர்வை.

"கோச்சுக்காத ராஜா, இது சும்மா நோட்டுக்கு," என்பார் ஜெயராமன். எல்லாரும் அவருக்கு ராஜாதான். "நாளைக்கே உன்ன நிரந்தரம் பண்ட்டாங்கன்னா நான் சந்தோசப்பட மாட்டனா? ஆனா இந்த மாசம் மட்டும் நீ பரந்தாமன், இன்னா?"

மாமா தலையாட்டிவிட்டு வருவார். கையெழுத்து மட்டும் மூன்று விதமாகப் போடப் பழகிக்கொண்டார். அஞ்சாவது வரை படித்த கை, பரந்தாமனை எழுதும்போது கொஞ்சம் சாய்த்து எழுதும். நான் வீட்டுக்குப் போனால் வாசலிலேயே கேட்பேன்: "மாமா, இன்னைக்கி யாரு ஊட்ல கீறது? லட்சுமணனா? அப்ப எங்க அக்காவ அவ ஊட்டுக்காரர் வர வரைக்கும் எட்ட நிக்கச் சொல்லு."

"மச்சான், செருப்பு பிஞ்சிரும்," என்பார். சிரிப்பார். ஆனால் அந்தச் சிரிப்பு வருஷத்துக்கு வருஷம் சின்னதாகிக்கொண்டே போனது.

அவர் வெள்ளானூர்க்காரர். அவர் அப்பா கன்னியப்பன் கூலிக்கு ஏர் ஓட்டிய நிலத்தையெல்லாம் எழுபதுகளின் கடைசியில் அளந்து கல் நட்டு, 'நகர்' என்று பலகை மாட்டினார்கள். மனை விற்றால் வீடு வரும், வீடு வந்தால் கரண்ட் கேட்கும், கரண்ட் கேட்டால் கம்பம் வேண்டும். எண்பத்தொன்று தையில் மாமா குழி தோண்ட இறங்கினார். அப்போது அந்தப் பகுதி கரண்ட் ஆபீசில் நிரந்தர ஆட்கள் பதினெட்டுப் பேர். தொண்ணூறில் பதினோரு பேர். கம்பமோ மூன்று மடங்கு. ஓய்வு பெற்றுப் போனவர்கள் இடத்தில் யாரையும் எடுக்கவில்லை. பதிலுக்கு மாமாவைப் போல முப்பது பேர் வந்தார்கள். அவர்களுக்கு ஆபீசின் மஸ்டர் பதிவேட்டில் பெயர் இல்லை, காக்கி இல்லை, அடிபட்டால் ஆஸ்பத்திரி இல்லை. பாடி பக்கம் ஒருத்தன் கம்பத்திலிருந்து விழுந்தபோது, அந்த மாதம் அவனுக்கு என்ன பெயர் என்று ஜெயராமன் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஆட்டோவில் ஏற்றினார். இதை நான் ஜோடித்துச் சொல்லவில்லை. மாமா பக்கத்தில் நின்றிருந்தார்.

தொண்ணூற்றொன்றில் விசாரணை வந்தது. ஒப்பந்த ஆட்கள் தங்கள் நானூற்றெண்பது நாளை நிரூபித்தால் வேலை நிரந்தரம். எண்பத்தொன்பதும் தொண்ணூறும் கணக்கு. அம்பத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் விசாரணை அதிகாரி உட்காருவார், ஆதாரத்தோடு வரவேண்டும்.

மாமாவிடம் என்ன ஆதாரம் இருக்கும்? ஜெயராமனின் நோட்டுப்படி வீராசாமி இரண்டு வருஷத்தில் இருநூற்றுச் சொச்சம் நாள். மிச்ச நாளெல்லாம் உலகத்தில் இல்லாத பரந்தாமனும் லட்சுமணனும் பார்த்த வேலை.

அன்றைக்குச் சாப்பாட்டில் உட்கார்ந்தபோது அக்கா பொரிந்தாள். "பத்து வருசம் வெயில்ல காஞ்சிட்டு, ஒரு துண்டு பேப்பர் எட்த்து வைக்கத் துப்பில்ல. இன்னாய்யா மனுசன் நீ."

"பேப்பர்ல இல்ல," என்றார் மாமா, சோற்றைப் பார்த்துக்கொண்டே. "கம்பத்துல கீது."

கம்பம் நட்டதும் அதன் அடியைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குச் சிமெண்ட் போடுவார்கள். அதற்குக் கோப்பிங் என்று பெயர். ஏழு நாள் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதால், ஈரமாக இருக்கும்போதே ஆணியால் தேதி கீறி வைப்பது வழக்கம். மாமா தேதியோடு நிறுத்தவில்லை.

"தேதிக்கு மேல ஒரு பேரும் எழுதுவேன்."

"உன் பேரா?" என்றாள் அக்கா.

"என் பேர எழுதினா ஓவர்சியர் உடுவானா? அது இல்லாம, எந்த மாசம் நான் யாருன்னு எனக்கே கொயப்பமா கீது." சோற்றைப் பிசைந்தார். "மாறாம கீறது உன் பேரு ஒண்ணுதான். அதான் எழுதனேன்."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"எல்லா கம்பத்துலயுமா?"

"நான் கோப்பிங் போட்டதுல எல்லாம்."

"பருத்திப்பட்டு ஏரிக்கரையில?"

"அங்க வரிசையா கீது."

"நாய் வந்து கால தூக்குற எடத்துலயா என் பேர எழுதி வச்ச?" அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "நானூறு கம்பம். நானூறு நாய். தூ."

ஆனால் கம்பத்துத் தேதிகளை எழுதிக்கொள்ள நோட்டு வாங்கித் தந்தது அவள்தான். அப்புறம் ஒன்றரை மாதம், விடிந்ததும் மாமாவும் நானும் சைக்கிளில் கிளம்பிவிடுவோம். ஒரு தேங்காய் நார், ஒரு குடம் தண்ணீர். கோப்பிங்கில் அப்பிய சாணியைத் தேய்த்துக் கழுவினால் எழுத்து தெரியும். நாகவல்லி, 3-2-89. நாகவல்லி, 4-2-89. சில இடத்தில் 'ல்' ஒன்று குறையும்; அன்றைக்கு ஓவர்சியர் பக்கத்தில் வந்திருப்பார். புதுவீட்டுக்காரர் ஒருவர் பல் துலக்கிக்கொண்டே வந்து, "யாருய்யா அந்த நாகவல்லி? எங்க தெரு பூரா கீது. லவ் மேட்டரா?" என்று கேட்டார். மாமா வெட்கப்பட்டு சைக்கிளை மிதித்துவிட்டார்.

ஒரே நாளில் மூன்று கம்பம் நட்டிருந்தாலும் ஒரு நாள் என்றே எண்ணினோம். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு நாள் வந்தது.

மண்டபத்தில் அதிகாரி மேடைமேல், மணமக்கள் உட்காருகிற இடத்தில், மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். கீழே கூட்டம். எதிர்த்தரப்பில் கரண்ட் ஆபீஸ் ஆட்களும் ஜெயராமனும். அதிகாரிக்கு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் "ம்" வரும், பின்னால் "மேலே" வரும்.

"ம். இந்த நோட்டில் இருப்பது நாகவல்லி. நீர் வீராசாமி. யார் இந்த நாகவல்லி? மேலே."

"என் சம்சாரம் சார்."

"ம். அவரும் கம்பம் நடுகிற வேலை பார்த்தாரா? மேலே."

கூட்டம் சிரித்தது. ஜெயராமன் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார். அப்போதுதான் அக்கா எழுந்தாள். கையில் ரேஷன் கார்டு.

"சார், நான்தான் நாகவல்லி. இதுல குடும்பத் தலைவர் வீராசாமின்னு போட்டுகீது, கீழ என் பேரு போட்டுகீது. ரேசன் கடையில இவர் பரந்தாமனும் இல்ல, லட்சுமணனும் இல்ல. மண்ணெண்ணெ ஊத்தறவனுக்குத் தெரியுது இவர் யாருன்னு. ஆள் வச்சி வேல வாங்கனவருக்குத் தெரியலியாம்." ஜெயராமனைப் பார்த்தாள். "நீ சிரி. நல்லா சிரி."

ஜெயராமன் எழுந்து, "சார், இத யார் வேணா எப்ப வேணா கீறியிருக்கலாமே," என்றார், அதே வெல்லக் குரலில்.

"காஞ்ச சிமிட்டில ஆணியால எழுத முடியுமா?" என்றார் மாமா. "வா ராஜா, வந்து எழுதிக் காட்டு."

ராஜா என்ற வார்த்தை ஜெயராமன் மேல் அன்றைக்குத்தான் முதன்முதலாகத் திரும்பி விழுந்தது. அதிகாரி ஓர் ஆளை அனுப்பி ஆறு கம்பங்களைச் சரிபார்க்கச் சொன்னார். அடுத்த வாய்தாவில் முந்நூற்றுப் பன்னிரண்டு நாளையும் ஒப்புக்கொண்டார்.

"ம். நானூற்றெண்பதுக்கு நூற்று அறுபத்தெட்டு குறைகிறது. மேலே."

அந்த மிச்ச நாளெல்லாம் மாமா கம்பம் நடவில்லை, கம்பத்தில் ஏறினார். ப்யூஸ் போனது, கம்பி அறுந்தது, மரம் விழுந்தது என்று புகார் வந்தால் ஏறுகிற வேலை. ஒப்பந்த ஆள் ஏறவே கூடாது என்பது விதி. அதனால் பழுது பார்த்த நாட்களின் பதிவேட்டில் ஏறியவர் என்று ஒரே பெயர் இருந்தது: லைன்மேன் கோவிந்தராஜ். இந்தப் பதிவேட்டை ஆபீஸ்காரர்களே கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள், எல்லா வேலையையும் தங்கள் நிரந்தர ஆட்களே செய்தார்கள் என்று காட்ட. பழைய ஏ.இ., அதாவது அந்த ஆபீசின் பொறியாளர், பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டிருந்தார்.

கோவிந்தராஜுக்கு ஐம்பத்தாறு வயது. தலைக்குச் சாயம், காலில் சர்க்கரைப் புண். பேசுவதற்கு முன் இரண்டு தரம் செருமுவார். ஓய்வுக்கு இரண்டு வருஷம் பாக்கி. ஆறு வருஷமாக அவர் கம்பத்தடியில் நின்று மேலே பார்த்ததோடு சரி. மாமா மேலே இருக்கும்போது கீழேயிருந்து, "பாத்துடா நைனா," என்பார். அது உண்மையான அக்கறைதான். மாமா விழுந்தால் அவர் வேலை போய்விடும்.

அதற்கடுத்த வாய்தாவுக்கு முந்தின நாள் மாமா அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டார். நானும் கூடப் போனேன்.

"அண்ணாத்தே, நான்தான் ஏறனேன்னு ஒரு வார்த்த சொல்லு. போதும்."

இரண்டு செருமல். "சொன்னா எனக்கு மெமோ குடுப்பான்டா. பென்சன்ல கை வப்பான். உன்ன ஏத்தவுட்டது குத்தம் இல்லியா?"

"ஏத்தவுட்டது உனக்குத் தெரியுது. ஏறனது எனக்குத் தெரியுது. இத வெளிய சொல்றதுக்கு மட்டும் ஆள் இல்ல."

"நீ சின்னவன்டா வீராசாமி. உனக்கு வேற வேல கெடைக்கும்."

மாமாவுக்கு அப்போது நாற்பது வயது. எழுந்து வந்துவிட்டார். வழியில் சைக்கிளை நிறுத்திவிட்டு, "என் கைய பாரு மச்சான்," என்றார். உள்ளங்கை முழுக்கக் கம்பி அறுத்த தழும்பு. "இத்தவுட பெரிய நோட்டு இன்னா வேணும் அவனுக்கு?" கோவிந்தராஜ் வீட்டு வாசலில் காட்ட வேண்டிய கோபத்தை என்னிடம் காட்டினார். நான் ஒன்றும் கிண்டல் பண்ணவில்லை.

மறுநாள் மண்டபத்தில் அதிகாரி கோவிந்தராஜைக் கூப்பிட்டார். "ம். இந்த நாட்களில் கம்பம் ஏறியது நீர்தானா? மேலே."

இரண்டு செருமல். "ஆமா சார்."

"ம். ஒரு தரமாவது இவர் ஏறினாரா? மேலே."

"இல்ல சார்."

மாமா எழுந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "சார், இந்த மண்டபத்துக்கு வெளிய ஒரு புதுக் கம்பம் கீது. இன்னும் கம்பி இழுக்கல, கரண்ட் இல்ல. நோட்டு சொல்ற மாதிரி அண்ணாத்தே ரெண்டு வருசத்துல நூத்தி அறுவத்தெட்டு நாள் ஏறியிருந்தா, இன்னைக்கி ஒரு தரம் ஏறட்டும். பாதி ஏறினா போதும். நான் இப்படியே ஊட்டுக்குப் பூட்றேன்."

ஆபீஸ்காரர்கள் எழுந்து ஆட்சேபித்தார்கள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டு நேரம். "ம். வெளியே போய்த்தான் சாப்பிட வேண்டும். மேலே," என்று எழுந்துவிட்டார்.

மொத்தக் கூட்டமும் கம்பத்தைச் சுற்றி நின்றது. இடுப்புக் கயிற்றை யாரோ கொடுத்தார்கள். கோவிந்தராஜ் செருப்பைக் கழற்றினார். காலில் கட்டு இருந்தது. கயிற்றைக் கம்பத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி வைத்தார். இறக்கினார். மறுபடி வைத்தார். கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி தொங்கியபோது தரைக்கும் காலுக்கும் ஒரு ஜாண்கூட இல்லை.

"ஏறு அண்ணாத்தே," என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "பாத்துடா நைனா," என்றான் இன்னொருவன், கோவிந்தராஜின் குரலிலேயே. சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை.

கோவிந்தராஜ் இறங்கினார். கம்பத்தைப் பிடித்துக்கொண்டே, செருமாமல் பேசினார். "என்னால ஏற முடியாது சார். ஆறு வருசமா அவன்தான் ஏறான். நான் கீழ நிப்பேன். எழுதச் சொன்னாங்க, எழுதனேன்." பிறகு மாமா பக்கம் திரும்பினார். "திருப்தியாடா?"

"எனக்கு இன்னா அண்ணாத்தே," என்றார் மாமா. "சார் எழுதட்டும்."

அதிகாரி எழுதினார். மாமாவுக்கு நானூற்றெண்பது நிறைந்தது. கோவிந்தராஜுக்கு மெமோ வந்தது, இரண்டு இன்கிரிமெண்ட் போனது. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்ட ஏ.இ. பதவி உயர்வில் வேறு ஊருக்குப் போனார். ஜெயராமனுக்கு அடுத்த வருஷக் காண்டிராக்டும் கிடைத்தது. வீட்டில் இதைக் கேட்டபோது மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளினார். "நொண்டிக் கால்காரன் மாட்டினான். எழுதச் சொன்னவன் காருல போறான்."

"நீதானேய்யா அவர ஏறச் சொன்ன," என்றாள் அக்கா.

"ஆமா. நான்தான் சொன்னேன். மறுபடியும் சொல்லுவேன்." அதைச் சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார். கோவிந்தராஜ் அதற்கப்புறம் அவரோடு பேசவேயில்லை.

ஆகஸ்ட் மாதம் வேலை உத்தரவு வந்தது. ஹெல்பர். ஆபீசில் ஆகக் கீழான வேலை. பரவாயில்லை என்றார் மாமா. சட்டை துவைத்துப் போட்டுக்கொண்டு சேரப் போனார். நான் துணைக்குப் போனேன். கிளார்க் வரலட்சுமி அம்மா ஒரு பாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். மூக்கால் பேசுகிறவர்.

"பெயர்?"

"வீராசாமி."

"முன் அனுபவம்?"

"எண்பத்தொண்ணு தையிலேர்ந்து லைன் வேல."

"அதுக்கு ஆர்டர் இருக்கா?"

"ஆர்டர் ஏதும்மா? அதுக்குத்தான விசாரணையே நடந்தது?"

"விசாரணை உங்கள எடுக்கச் சொல்லிடுச்சு, எடுத்துட்டோம். சர்வீஸ் இன்னையிலேர்ந்துதான். ஆர்டர் இல்லாத அனுபவம் அனுபவம் கிடையாதுப்பா." வரலட்சுமி அம்மா நிதானமாக எழுதினார்: இல்லை. "இங்க கையெழுத்துப் போடுங்க."

மாமா அந்த வார்த்தையை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். போய் பெஞ்சில் உட்கார்ந்தார்.

பதினொரு மணிக்கு போன் வந்தது. பருத்திப்பட்டில் லைன் அறுந்து, பாதி ஊருக்கு கரண்ட் இல்லை. புதுசாக வந்த ஏ.இ. சம்பத், மாமாவைவிடப் பத்து வயது சின்னவர், அறையிலிருந்து வேகமாக வந்தார்.

"வீராசாமி, நீங்க கிளம்புங்க. அந்த லைன் உங்களுக்குத்தான் அத்துப்படின்னு சொல்றாங்க."

மாமா எழுந்திருக்கவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியாது சார். நான் இன்னைக்கித்தான் வேலையில சேந்தேன்."

"என்ன விளையாடறீங்க?"

"முன் அனுபவம் இல்லன்னு மேடம் எழுதியிருக்காங்க. அனுபவம் இல்லாதவன கம்பத்துல ஏத்தறது குத்தம் சார். இதுக்கே ஒருத்தருக்கு மெமோ வந்துகீது. மொதல்ல ட்ரெயினிங் குடுங்க."

சம்பத் வரலட்சுமி அம்மாவைப் பார்த்தார். "பாரத்த மாத்த நமக்கு அதிகாரம் இல்ல சார்," என்றார் அவர், பாரத்தை இழுப்பறையில் வைத்தபடி.

போன் மறுபடி அடித்தது. குடிநீர் மோட்டார் நின்றுவிட்டதாம். அப்புறம் ஒரு மாவு மில். அப்புறம் கவுன்சிலர் வீடு. இருந்த லைன்மேன்களில் இரண்டு பேர் லீவு, ஒருவர் அம்பத்தூரில் வேலையாக இருந்தார். ஜெயராமனின் ஆட்கள் விசாரணைக்குப் பிறகு கம்பத்தில் ஏற மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். மாமா பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் அவரை அப்படி உட்கார்ந்து பார்த்ததேயில்லை.

"வேலை போயிடும், தெரியுமில்ல?" என்றார் சம்பத், மூன்று மணிக்கு.

"இன்னைக்கித்தான சார் வந்தது. போனா ஒரு நாள் சர்வீஸ்தான் போவும்."

"உங்களுக்கு என்னதான் வேணும்?"

"நான் செஞ்ச வேலைய நான் செஞ்சேன்னு நீங்க ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. உங்க கையெழுத்து, ஆபீஸ் சீல்."

"அதுக்குச் சட்டப்படி எந்த மதிப்பும் கிடையாது. சம்பளமும் ஏறாது, சர்வீசும் ஏறாது."

"தெரியும் சார். குடுங்க."

சம்பத் உள்ளே போனார். கதவு சாத்தியிருந்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. நாலு மணிக்கு ஒரு வெள்ளைத் தாளோடு வந்து மாமா கையில் கொடுத்தார். மாமா விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். 'திரு. வீராசாமி ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் இப்பகுதியில் லைன் வேலை பார்த்தவர்.' கீழே சீல்.

மாமா தாளைத் திருப்பி நீட்டினார். "ஏறத்தாழ வேணாம் சார். பத்து வருசம் ஏழு மாசம்."

சம்பத் தாளை வாங்கிக்கொண்டார். பிறகு வரலட்சுமி அம்மாவிடம் இன்னொரு தாள் கேட்டார்.